பிளாக் ஃபில்லர் போட்டால் இன்ஜின் கொதிக்குமா?

ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு பிளாக் ஃபில்லர் ஆகவே ஆகாது, சிக்னலில் நாலு நிமிடம் நின்றால் ரேடியேட்டர் கொதித்துவிடும் என்று பழைய அமெரிக்க வி8 (இரண்டு வரிசையில் எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின்) வைத்திருப்பவர்கள் பலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அளவோடு ஊற்றினால் தண்ணீர் கொதிக்காது. சூடேறுவது ஆயில். தண்ணீர் மீட்டரையே பார்த்துக்கொண்டு ஆயிலை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

புதியவர்களுக்காக: சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற ஜாக்கெட்டின் அடிப்பகுதியில் ஊற்றி இறுகவிடும் சிமென்ட் வகைக் கலவைதான் பிளாக் ஃபில்லர். ஹார்ட் பிளாக், மொரோசோ என்ற பெயர்களில் கடையில் கிடைக்கிறது. பவர் ஏற ஏற, மெல்லிய சிலிண்டர் சுவர் நெளியும். நெளிந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஒழுங்காக உட்காராது. கேஸ் கீழே கசியும், ஆயில் மேலே ஏறும். சுவருக்கு வெளியே கெட்டியாக ஒன்று முட்டுக்கொடுத்தால் சிலிண்டர் துளையின் வட்டம் மாறாமல் நிற்கும்.

நேர்கோட்டில் கால் மைல் மட்டும் ஓடும் டிராக் (drag) ரேஸ் இன்ஜின்களில் இதை மேல்தளம் வரைக்குமே நிரப்புவார்கள். சில நொடி ஓட்டம், அப்புறம் அணைத்துவிட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் ரோட்டு வண்டிக்கும் இந்தப் பயம் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சூடு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தைத் தொடும்போது பிஸ்டன் கிட்டத்தட்ட மேலேயேதான் இருக்கிறது. ஹெட், எக்ஸாஸ்ட் போர்ட், சிலிண்டரின் மேல் பகுதி ஆகியவைதான் அந்த நெருப்பை நேராக வாங்குகின்றன. பிஸ்டன் கீழே இறங்குவதற்குள் கேஸ் விரிந்து சூடு தணிந்துவிடும். 1992-இல் கார்வெட் காருக்கு வந்த எல்டி1 இன்ஜினில் செவ்ரோலே தண்ணீரை முதலில் ஹெட்டுக்கு அனுப்பி, அதன் பிறகே பிளாக்குக்கு இறக்கியது. எந்த இடத்துக்குக் குளிர்ச்சி அதிகம் வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

"உள்ளே தண்ணீர் குறைந்துவிடுகிறதே" என்பார்கள். அண்டாவில் தண்ணீர் அதிகம் இருந்தால் கொதிக்க நேரமாகும், அவ்வளவுதான். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் கொதிக்கத்தான் செய்யும். இன்ஜின் எந்தச் சூட்டில் நிலைக்கும் என்பது ரேடியேட்டரும் ஃபேனும் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளுகின்றன என்பதைப் பொறுத்தது. தண்ணீர் குறைந்தால் ஒன்று உண்மை: ஃபேன் மட்டமாக இருந்தால் அது சீக்கிரம் தெரிந்துவிடும். ஆகஸ்ட் வெயிலில் டெட்ராய்ட் வுட்வர்ட் அவென்யூ டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தில் ஊர்ந்து போகிறவர்களுக்கு நல்ல ஃபேனும் அதைச் சுற்றி முழு ஷ்ரவுடும் (காற்றை ரேடியேட்டர் வழியே இழுக்க வைக்கும் உறை) கட்டாயம்.

இப்போது ஆயில். வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துகிற அளவில் சிமென்ட் பக்கத்தில்கூட வராது. கீழ்ச்சுவரில் ரிங் உரசலாலும் பிஸ்டன் வழியாகவும் சேரும் சூடு முன்பு தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழி அடைபட்டதும் ஒரு பங்கு இரும்பு வழியே மேலே ஏறும்; மீதியை, உள்ளே தெறித்து ஓடும் ஆயில்தான் சுமக்க வேண்டும். ஹைவேயில் நீண்ட நேரம் மிதித்து ஓட்டினால் தண்ணீர் மீட்டர் அமைதியாக இருக்கும், ஆயில் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஆயில் டெம்பரேச்சர் மீட்டரும் ஆயில் கூலரும் இல்லாமல் ரோட்டு இன்ஜினில் ஃபில்லர் ஊற்றவே கூடாது என்பேன்.

உயரம் என்றால், வாட்டர் பம்ப் தண்ணீரைத் தள்ளுகிற துளைகளின் கீழ் விளிம்புக்குக் கீழேயே நிறுத்துங்கள். துளையைத் தொட்டால் ஓட்டமே கெடும்.

வேலை நடக்கிற விதத்தைப் பார்த்தால் பொறுமையின் அருமை தெரியும். கம்பியை விட்டுக் கிளறும்போது ஜாக்கெட்டின் மூலைகளிலிருந்து துருச் செதிலும் வார்ப்பு மணலும் கொட்டும். அது ஒட்டியிருந்தால் கலவை சுவரைப் பிடிக்காது. மெயின் கேப்களையும் (கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் மூடிகள்) டார்க் பிளேட்டையும் (ஹெட்டுக்குப் பதிலாக மாட்டும் கனத்த தகடு) முறையான இறுக்கத்தில் முடுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். வி8-இல் ஒரு பக்கத்தை மட்டமாக நிறுத்தி ஊற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட, காற்றுக் குமிழ்கள் மேலே உள்ள தண்ணீர்த் துளை வழியே எழும்பி உடையும். அது இறுகிய பிறகே அடுத்த பக்கத்துக்குத் திருப்ப முடியும். போரிங், ஹோனிங் (சிலிண்டர் துளையைக் குடைவது, தேய்த்து மெருகேற்றுவது) எல்லாம் கலவை முழுக்கக் காய்ந்த பிறகுதான். முன்கூட்டியே ஹோன் செய்துவிட்டு ஊற்றினால் துளையின் வட்டம் போச்சு.

யாருக்கு இது தேவை? சுவர்த் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளந்து, மெல்லியது என்று தெரிந்து, அதற்கு மேல் பெரிய பவரும் எடுக்கப்போகிறவருக்கு. சாதாரண 350 குதிரைத்திறன் இன்ஜினுக்குத் தேவையே இல்லை. ஃபோர்டு 302 பிளாக்கை வைத்து 500-ஐத் தாண்ட நினைப்பவர்களுக்கும் ஒன்று: அது பிளவுபடுவது லிஃப்டர் வேலியிலும் (இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளம்) மெயின் பேரிங் தாங்கிகளிலும். ஜாக்கெட்டில் எதை ஊற்றினாலும் அதைத் தடுக்க முடியாது. அந்தப் பணத்தை நல்ல பிளாக்குக்குச் சேர்த்து வையுங்கள்.

பல ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் செவ்ரோலே ஸ்மால் பிளாக் வி8-களில் நாக் சென்சார் (எரிபொருள் தவறாக வெடிக்கும் தட்டலை அதிர்வால் கண்டுபிடிப்பது), பிளாக்கின் தண்ணீர் வடிக்கும் துளையில்தான் மாட்டியிருக்கும். ஃபில்லர் மூடுவது அதே இடத்தை. சென்சாருக்குப் போகும் அதிர்வு மாறிவிடலாம் என்பதால், டியூன் செய்பவரிடம் ஊற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.