வச்ச உடனே சாப்பிடுங்கய்யா!

டோக்கியோல மொத்தமே 8 சீட்டு இருக்கற சின்ன சுஷி கடை, காசு சேத்து வச்சு ஆசையா போனா ஒவ்வொரு தடவையும் பக்கத்துல ஒருத்தர் வந்து உக்காந்து உயிர வாங்குறாரு. நேத்தும் அதேதான். அந்த வயசான மாஸ்டர் இளஞ்சூட்டுல சோத்தப் பிடிச்சு, மேல மீன வச்சு, சோயா சாஸையும் அவரே பிரஷ்ஷால தடவி முன்னாடி வைக்கிறாரு. பக்கத்து சீட்டுக்காரரு உடனே போன எடுத்து மேலேர்ந்து ஒண்ணு, சைடுலேர்ந்து ஒண்ணு, அப்புறம் வீடியோ! அடுத்து வந்தது நோரி, அதான் காஞ்ச கடல்பாசித் தாள், சுத்துன சுஷி, அந்த மொறுமொறுப்பு நிக்கறதே கொஞ்ச நேரம்தான், அதுவும் நமுத்துத் தொங்குது, மாஸ்டர் கத்திய கீழ வச்சுட்டு இவரு மூஞ்சியவே பாத்துட்டு நிக்குறாரு. எனக்கு வயிறு எரியுது. அப்புறம் ஏற்கனவே சாஸ் தடவுனத மறுபடி சாஸ்ல, அதுவும் சோத்துப் பக்கமா முக்கி, பருக்கையெல்லாம் உதிர்ந்து தட்டுல மிதக்குது! வசாபி, அந்தக் காரமான பச்சை விழுது, உள்ளயே வச்சுதான தர்றாங்க, மேல எதுக்கு இன்னொரு உருண்டை? போதாததுக்கு சென்ட்டு வேற, பாட்டில கவுத்துட்டு வந்த மாதிரி. மூக்குக்கிட்ட கொண்டுபோனா மீன் வாசனையே தெரியல, அந்த சென்ட்டுதான் வருது. அந்த மாஸ்டர் பல வருஷம் கத்துக்கிட்ட கைப்பக்குவம்யா அது, இப்படியா பண்ணுவீங்க?