நாப்பத்தஞ்சு நாள் குட்டி

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் மகளுக்காக லேப்ரடார் குட்டி ஒன்று வாங்கினேன். "நாப்பத்தஞ்சு நாள் குட்டிண்ணா, ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றார் கடைக்காரர். நான்காம் நாள் வாந்தி. மறுநாள் ரத்தக் கழிச்சல். பார்வோ என்கிற வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏற்றிய மருத்துவர் அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "கடவாப் பல்லே சரியா வரலை, ஒரு மாசம் ஆகியிருந்தா பெரிசு" என்றார். ஏழாம் நாள் போய்விட்டது.

முதல் கோபம் என் மேல்தான். எங்கள் தாத்தா குந்தாரப்பள்ளி சந்தையில் பல்லைப் பார்க்காமல் மாட்டுக்கு விலை பேச மாட்டார். நடக்கவிட்டுப் பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார். அவர் பேரன் நான், வாலாட்டியதைப் பார்த்ததுமே ஜிபே செய்துவிட்டேன்.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடினேன். செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று மத்திய அரசு 2018-லேயே விதிகள் போட்டிருக்கிறது. மாநில விலங்கு நல வாரியத்தில் கடையைப் பதிய வேண்டும். எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். அப்படியானால் அவர் சொன்ன 45 நாள் உண்மையாகவே இருந்தாலும் விதிமீறல்தான்! அதைத்தான் விளம்பரத்திலும் பெருமையாகப் போடுகிறார்கள்.

எட்டு வாரக் கணக்கு சும்மா வந்ததில்லை. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும். தடுப்பூசியோ ஆறு வாரத்துக்கு மேல்தான் தொடங்கும், ஒரு ஊசியோடு முடியவும் முடியாது. அந்த நேரம் பார்த்துக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, வண்டியில் ஏற்றி, நாலு இடத்துக் குட்டிகளோடு ஒரே கூண்டில் அடைத்தால்? பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஃபினாயிலுக்கெல்லாம் சாகாது, பிளீச்சிங் வேண்டும். அந்தக் கடையில் ஃபினாயில் வாசனை தூக்கலாக இருந்தது. சுத்தமான கடை என்று நினைத்தேன்.

கடையை மூடச் சொல்லவில்லை. வாடகை, கரண்ட் பில் எல்லாம் அவருக்கும் இருக்கிறது. ஆனால் பதிவுச் சான்று வாங்குபவர் கண்ணில் படவேண்டும், ஒவ்வொரு குட்டியின் அட்டையிலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும், அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்க வேண்டும். அபராதத்தையும் ஏற்ற வேண்டும். 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை கொடுமைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். குட்டிக்கு நான் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டே அதைவிட அதிகம்.

நேற்று அந்தப் பக்கம் போனேன். அதே கூண்டில் வேறு குட்டி. வயதென்ன என்று கேட்டேன்.

"நாப்பத்தஞ்சு நாள்ண்ணா."