நிறத்துக்காக நோயையும் வளர்க்கலாமா?

வித்தியாசமான நிறத்துக்காகப் பாம்பு, பல்லிகளை இனவிருத்தி செய்வதில் தவறில்லை என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. நிறத்தை மாற்றும் எல்லா விகாரத்துக்கும் (பரம்பரையலகு மாற்றத்துக்கும்) இது பொருந்தாது. 'ஸ்பைடர்' என்ற கோலமுள்ள பால் பைத்தன் (ball python) மலைப்பாம்பைப் பாருங்கள். அந்தக் கோலத்தைத் தரும் பரம்பரையலகே உடலின் சமநிலையைக் காக்கும் உட்காதையும் கெடுக்கிறது. தலை ஓயாமல் ஆடும், இரையைப் பிடிக்கும்போது குறி தவறும், புரண்டுவிட்டால் நிமிரத் தடுமாறும். ஆட்டம் குறைந்ததாகத் தேடிச் சோடி சேர்த்தால் தீர்ந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. இலேசாக ஆடும் தாய்க்கும் மோசமாக ஆடும் குட்டி வரும். சாதாரண பாம்போடு சேர்த்தாலும் சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்கு அதே குறைதான்.

'லெமன் ஃப்ரொஸ்ட்' என்ற நிறவகைச் சிறுத்தைப் பல்லியின் (leopard gecko) கதி இன்னும் கொடுமை. வெள்ளை நிறக் கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, 80 வீதத்துக்கும் அதிகமானவற்றில் கட்டிகளாகின்றன. காரணமான பரம்பரையலகு 2021 இல் வெளியான ஆய்வில் அடையாளம் காணப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டே சோடி சேர்ப்பவரை நான் வளர்ப்பாளர் என்று சொல்லமாட்டேன்.

அபூர்வமானதற்கே விலை என்ற இந்தப் பழக்கம் நம் மலையையும் விட்டுவைக்கவில்லை. நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்துக் கொம்போணான்களுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் கிராக்கி இருப்பதால்தான் 2019 இல் அவை, வனஜீவராசிகளின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் இங்கே குற்றம். தோட்டத்துப் பிள்ளைகளிடம் காசைக் காட்டி யாராவது கேட்டால், உடனே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.