49 சுரம் ஒலிக்கும், ஃபில்டர் பொதுதான்

"மோக் ஓபஸ் 3-ல் 49 கட்டைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தலாம், அதனால் ஐந்தே குரல் கொண்ட புரொஃபெட் 5-ஐ விட அது பெரிய பாலிஃபோனிக் சின்த்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் சின்தசைசர்கள், அதாவது மின்சுற்றில் ஒலியை உருவாக்கும் கீபோர்டுகள். பாலிஃபோனிக் என்றால் பல சுரங்களைத் தனித்தனிக் குரல்களாக ஒரே நேரத்தில் ஒலிப்பது. எல்லாச் சுரமும் ஒலிக்கும் என்பது மட்டும் சரி. உச்ச ஆக்டேவின் 12 சுரங்களை உருவாக்கி, அலைவெண்ணைப் பாதி பாதியாக வகுத்துக் கீழ் ஆக்டேவ்களைப் பெறுகிறார்கள். ஆர்கன் செய்பவர்களின் பழைய உத்தி. ஆனால் ஓபஸ் 3-ன் பிராஸ் (பித்தளைக் காற்றுக்கருவி ஒலி) பகுதியில் எல்லாச் சுரங்களும் ஒரே ஃபில்டர் (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் சுற்று) வழியாகத்தான் போகின்றன. இதற்குப் பெயர் பாராஃபோனிக். 1978-ல் வந்த புரொஃபெட் 5-ல் ஒவ்வொரு குரலுக்கும் சொந்த ஃபில்டர், சொந்த என்வலப் (கட்டையை அழுத்தியதும் ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிப்பது). ஓபஸ் 3-ன் பிராஸில் ஒரு கார்டைப் (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) பிடித்தபடி இன்னொரு கட்டையை அழுத்திக் கேளுங்கள். புதிய சுரத்துக்கெனத் தனியாக ஃபில்டர் விரியாது. ஸ்ட்ரிங்ஸ், ஆர்கன், பிராஸ் மூன்றையும் கலந்து வாசிக்க அருமையான பெட்டி, மறுக்கவில்லை!