எடுத்தது யார் என்று சொல்லமாட்டேன்

புதன்கிழமை மண்டபத்தில் நடந்தது இந்நேரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பந்தியில் என் பக்கத்திலும் எதிரிலும் உட்கார்ந்திருந்தவர்களே இதைப் படிக்கிறவர்கள்தான். ஆகவே கேட்டவர் பெயரை எழுதப்போவதில்லை. கேட்ட கேள்வியை மட்டும் எழுதுகிறேன். "அந்தமான் போட்டோ எல்லாம் பார்த்தோம் அம்மா, பிரமாதம். தனியாகப் போனாய் என்கிறார்கள். அப்படியானால் போட்டோவை எடுத்தது யார்?"

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த பையன்கூட நின்றுவிட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டாள் என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். பதில் இருக்கிறது. சொல்லமாட்டேன். இந்தப் பதிவின் கடைசி வரிவரை தேடினாலும் கிடைக்காது. சொல்லிவிட்டால், அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? நீல் தீவில், லட்சுமண்பூர் கரையில், கடல் அரித்து வளைவாக்கிய பாறையின் கீழே ஐம்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறாள். வாய்விட்டுச் சிரிக்கிறாள். காலடியில் தண்ணீர். வேறொன்றும் இல்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: உங்களை உறுத்தியது தூக்கிச் செருகிய சேலையும் இல்லை, கூட யார் இருந்திருப்பார்கள் என்ற சந்தேகமும் இல்லை. அந்தச் சிரிப்புதான்.

நான் தனியாகப் போவது இது முதல் தடவை இல்லையே. என் கணவர் ஜிப்மர் மருத்துவமனையில் இருந்த எட்டு மாதங்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை நாலரை மணிக்குக் கடலூரில் பஸ் ஏறுவேன். புதுச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கி, கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். ஒரு கையில் வெந்நீர் பிளாஸ்க், இன்னொரு கையில் அவருடைய மருத்துவக் கோப்பு. மறுநாள் வகுப்பு இருந்தால் இரவு பத்து மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, ஆட்டோ கிடைக்காத நாட்களில் கெடிலம் பாலத்தை நடந்தே கடந்து மஞ்சக்குப்பம் வந்திருக்கிறேன். பாலத்தில் விளக்கு எரியாத நாட்களும் உண்டு. அப்போது ஒருவராவது, "தனியாகவா போகிறாய்?" என்று கேட்டீர்களா? "கூட யார் வருகிறார்கள்?" என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் நீங்கள் வர வேண்டியிருந்திருக்கும். அதனால் கேட்கவில்லை.

துன்பத்துக்குத் தனியாகப் போனபோது கேட்காதவர்கள் சந்தோஷத்துக்குத் தனியாகப் போனபோது கேட்கிறீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏன் அந்தமான், அதிலும் ஏன் அந்தச் சின்னத் தீவு என்று கேட்கிறவர்களுக்காக இது. இருபத்தாறு வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்பில் இந்திய வரைபடத்தைக் கரும்பலகையில் மாட்டி, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அடிக்கோலை வைத்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுப்பேன். வங்கக் கடலைத் தாண்டி, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு அப்பால், அந்தக் கோடு நீல் தீவில் போய் முட்டும். நம் ஊரும் அந்தத் தீவும் ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று நேராகப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்பது அந்தத் தீவுதான் என்று சொல்வேன். பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். "நீங்கள் பார்த்திருக்கிறீர்களா டீச்சர்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். இல்லை என்று இருபத்தைந்து வருடம் சொன்னேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கோட்டை இழுக்கவே கை வராமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அன்று ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. பிள்ளைகள் எல்லாரும் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது வருகைப் பதிவேட்டில் மூன்று பெயர்களைக் கூப்பிடாமல் தாண்டிப் போனேன். அதற்குப் பிறகு பல வருடம் வெள்ளிக் கடற்கரைப் பக்கமே நான் போகவில்லை. சுமத்ராவுக்கு அருகே தொடங்கிக் கடலடித் தரை அந்தமான்வரை பிளந்தது, அந்த அலைதான் இங்கேயும் வந்தது என்று பாடமாக நடத்த முடிந்தது. கரையில் போய் நிற்க முடியவில்லை. அந்த அலையை நமக்கு முன்பே வாங்கிக்கொண்ட கரை ஒன்று எதிரில் இருக்கிறது, அதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்ததுதான். கணவரிடம் சொன்னேன். பிள்ளை படிப்பு முடியட்டும் என்றார். படிப்பு முடிந்தது, கல்யாணம் முடிந்தது, பிறகு அவரும் போய்விட்டார்.

அரையாண்டு விடுமுறையில் 26ஆம் தேதி காலை தேவனாம்பட்டினத்தில் எல்லாரோடும் சேர்ந்து கடலில் பால் ஊற்றிப் பூ தூவினேன். மறுநாள் சென்னையில் விமானம் ஏறினேன். ஆறு நாள், எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய். மூன்று பேர் தொகையைக் கேட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். என் சம்பளத்தில் சேர்த்தது. யாரிடமும் கைநீட்டவில்லை. வேறு விளக்கம் கிடையாது.

போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். அங்கே எல்லாரும் முதலில் போகும் சிறைச்சாலைக்கு நானும் போனேன். ஏழு கிளைகளாகக் கட்டியதில் இன்று நிற்பவை மூன்று. அதைப் பார்த்துவிட்டு சிப்பிகாட் என்ற இடத்துக்கு ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். அங்கே 2004இல் நிலமே கீழே இறங்கி, விளைந்துகொண்டிருந்த வயலுக்குள் கடல் புகுந்து அப்படியே தங்கிவிட்டது. வயல் இருந்த இடத்தில் உப்புத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். ஆட்டோக்காரர் எதுவும் கேட்கவில்லை. அவரும் வண்டியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

மறுநாள் அரசுக் கப்பலில் நீல் தீவு. அங்கே போனதும் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளை 1960களில் குடியமர்த்திய தீவு அது. ஊர்களுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் ராம் நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர். நெல், வாழை, பாக்கு, காய்கறி என்று உள்ளே முழுக்க விவசாயம். அந்தமானுக்கே காய்கறி போகும் தீவு. நம் நெல்லிக்குப்பம் பக்கத்து வயலுக்குள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனது போலவே இருந்தது. திடீரென்று வயல் முடியும், பச்சைக் கண்ணாடி போலக் கடல் நிற்கும்.

சீதாபூரில் சூரியன் உதிப்பதைப் பார்த்தேன். கடிகாரம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், சூரியன் மட்டும் நம்மைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னால் வந்துவிடுகிறது. அங்கே வெளிச்சம் வந்தபோது என் வீட்டு வாசல் இன்னும் இருட்டில் இருக்கும் என்று நினைத்தேன். இதைத்தானே இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதினேன்! கண்ணால் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

அந்தப் பாறை வளைவுக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. ஓதம் வற்றியிருக்க வேண்டும். நம் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடல் பின்னால் போகிறது. கீழே பாறைக் குழிகளில் நண்டு, நட்சத்திர மீன், கடல் அட்டை எல்லாம் தண்ணீரோடு மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. முதல் நாள் தவறிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. மறுநாள் நேரம் விசாரித்துக்கொண்டு போய், இரண்டு மணி நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்து காத்திருந்தேன். கூட யாராவது இருந்திருந்தால், "போதும் வா, வெயில் ஏறுகிறது" என்று சொல்லியிருப்பார்கள். நானும் எழுந்து போயிருப்பேன். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் எழுந்து போயிருக்கிறேன்.

அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் நினைத்தேன். நீல் தீவு என்ற பெயர், 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய ஜேம்ஸ் நீல் என்ற வெள்ளைத் தளபதியின் பெயர். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927இல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில், நம் கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாள் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைக்குப் போனார். 1937இல் சிலை போனது. தீவின் பெயர் மாற 2018 ஆனது. இன்று அது ஷஹீத் தீவு. ஆனாலும் பழக்கத்தில் எல்லாரும் நீல் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன். அஞ்சலை அம்மாள் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில் இதே ஊரில் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்! இன்று அவருடைய பெயரை மேடையில் ஏற்றிப் பேசாதவர் இல்லை. புதன்கிழமை என்னைக் கேட்டவரே பேசியிருக்கிறார், நான் கேட்டிருக்கிறேன். அஞ்சலை அம்மாளோடு என்னை ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் நாட்டுக்காகப் போனார், நான் ஊர் பார்க்கப் போனேன். இரண்டுக்கும் வாசற்படியைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

"அக்கறையில்தான் கேட்டார், நீ தப்பாக எடுத்துக்கொள்கிறாய்" என்று என் நாத்தனார் சொல்கிறார். அக்கறையோடு கேட்கிறவர் முப்பது பேர் நடுவில் கேட்கமாட்டார், கேட்டுவிட்டுச் சிரிக்கமாட்டார்.

"காலம் கெட்டுக் கிடக்கிறது, ஏதாவது ஆகிவிட்டால்?" என்கிறார்கள். ஆகலாம். படகுத்துறையில் ஏறும்போது பலகை வழுக்கி விழத்தான் பார்த்தேன், ஒரு வங்காளிப் பையன் கையைப் பிடித்துக்கொண்டான். இரவில் பயமாக இருந்ததா என்றால், முதல் இரவு இருந்தது. கதவுக்கு முன்னால் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு படுத்தேன். இரண்டாம் இரவு போடவில்லை. நான் தங்கிய வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. நான் திரும்பி வரும்வரை வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தார். அந்த மூன்று நாளும் அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வலது கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிட்டாயா என்று காட்டுவார்.

அடுத்தது, எனக்கு மிகவும் வலித்த பேச்சு. "போக வேண்டும் என்றால் காசிக்குப் போயிருக்கலாமே, ராமேஸ்வரம் போயிருக்கலாமே." இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்மேல் பிரியம் உள்ளவர்கள். அதனால்தான் வலிக்கிறது. அதாவது நான் புறப்படலாம், ஆனால் என் கணவருக்காகப் புறப்பட வேண்டும். கடலில் இறங்கலாம், ஆனால் தலை முழுகுவதற்காக இறங்க வேண்டும். அவருடைய அஸ்தியைக் கரைத்தபோது நான் கடலைவிட்டுத் தள்ளி நின்றுதான் பார்த்தேன், பெண்கள் வர வேண்டாம் என்றார்கள். அவருக்குச் செய்ய வேண்டிய எதிலும் நான் குறை வைக்கவில்லை. திதி தவறியதில்லை. எட்டு மாதம் அவர் வாந்தியைக் கையில் ஏந்திய எனக்கு, அவரை நினைக்க எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லட்சுமண்பூர் கரையிலும் அவரை நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் சிரித்தேன். இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பது உங்களுக்கு ஏன் புரியவில்லை?

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று இரவு என் மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். அவள்தான் எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள், அவள்தான் போய் வா என்று அனுப்பினாள். "அம்மா, எடுத்தது யார் என்று ஒரு வரி போட்டுவிடேன், இதோடு முடிந்துபோகும். இல்லையென்றால் அந்தப் படத்தையாவது எடுத்துவிடு. இங்கே என் மாமியார் வீட்டிலும் கேட்கிறார்கள்" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவள் இதைப் படிப்பாள் என்பதால் மீதியை அவளுக்கே எழுதுகிறேன்.

அப்பா போன அன்று, கூடத்தில் அவர் தலைமாட்டில் நான் தலைவிரி கோலமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை யாரோ படம் எடுத்து உறவினர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். உனக்கு நினைவிருக்கும், நீயும் அந்தக் குழுவில் இருந்தாய். முந்தானை விலகிக் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாற்பது பேர் அதன் கீழே கைகூப்பிவிட்டுப் போனார்கள். அந்தப் படத்தை எடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை கண்ணம்மா. நீயும் கேட்கவில்லை.

நீல் தீவுப் படம் இருக்கிற இடத்தில் இருக்கும்.