ஐன்ஸ்டீன் கையெழுத்துத் தாள் 900 வெள்ளிக்கா?

"1922ல் சிங்கப்பூர் வந்த ஐன்ஸ்டீன் விட்டுச்சென்ற சார்பியல் கட்டுரையின் மூலப்படி, 1905ல் எழுதியது, தாள் ஒன்று 900 வெள்ளி" என்று நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அவர் வந்தது உண்மை. ஜப்பான் போகும் வழியில், எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்ட அந்த நவம்பரில் இங்கே இறங்கினார். மற்றதெல்லாம் கதை.

அந்த மூலப்படியே இப்போது இல்லை. கட்டுரை அச்சானதும் கைப்பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டார் மனுஷன்! 1943ல், போர்ச் செலவுக்கு அமெரிக்க அரசு மக்களிடம் கடன் வாங்க விற்ற போர்க் கடன் பத்திரங்களின் விற்பனைக்காக, செயலர் ஹெலன் டூகாஸ் வாசிக்க வாசிக்க மறுபடி எழுதிக் கொடுத்தார். 1944ல் அது 65 லட்சம் டாலர் பத்திரங்களுக்கு ஏலம் போனது. இன்று வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

பகிரப்படும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். 'மை' முழுக்க அச்சுப் புள்ளிகள்; பேனாவால் எழுதியதல்ல, அச்சடித்த நகல்.