யானைக்கு மூக்கு இல்லாத புத்தகம்

போன ஞாயிற்றுக்கிழமை கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகி என்ன செய்வோம் என்று சொல்லி, பலிக்கிறதா என்று பகடை உருட்டிப் பார்க்கிற ஆட்டம் அது. ஆடுபவர்கள் நான்கு பேர், கதையை நடத்துபவன் நான். மலையடிவாரத்துக் காட்டுவழி, கிழக்கே ஒற்றை யானை நிற்கிறது என்றேன். தடாகம் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த தம்பி ஒருவன் பகடையைத் தொடவே இல்லை. "காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அண்ணா?" என்று கேட்டான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, மேற்கிலிருந்து என்றேன். "அப்படியானால் நம் வாடை நேராக அதனிடம் போகும். மூட்டையில் இருக்கிற பலாப்பழத்தை இங்கேயே போட்டுவிடுவோம். வடக்கே தள்ளிச் சுற்றிப்போய், காற்று அதன் பக்கமிருந்து நம் மேல் வீசுகிற இடத்துக்கு வந்துவிடுவோம்" என்றான்.

மலையடிவாரத்துக்காரன் ஒருவன் செய்ய வேண்டியதை அப்படியே செய்தான். நான் புத்தகத்தைப் பிரித்தேன். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் மான்ஸ்டர் மேனுவல், ஆட்டத்தில் வரும் விலங்குகளுக்கும் பூதங்களுக்கும் எண்கள் போட்டிருக்கிற விதிப்புத்தகம். அதில் யானைக்கு மோப்பம் இல்லை. சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் திறன் 10, அதாவது ஊரில் சும்மா நடந்துபோகிற ஓர் ஆளுக்கு எவ்வளவோ அவ்வளவுதான். அதே புத்தகத்தில் புலிக்குக் கூர்மையான மோப்பம் உண்டு. எலிக்கும் உண்டு. மோப்பம் பிடிக்கும்போது இரண்டு இருபது முகப் பகடைகளை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும் சலுகை எலிக்குக் கிடைக்கிறது, யானைக்குக் கிடையாது. மரபணு ஆய்வோ வேறு கதை சொல்கிறது. அதே 2014இல் வெளியான ஆய்வில், ஆப்பிரிக்க யானையிடம் மோப்பத்துக்கான மரபணுக்கள் 2,000க்குச் சற்றுக் குறைவாக இருந்தன. எலியிடம் சுமார் 1,200, நாயிடம் 800 சொச்சம், மனிதனிடம் 400கூட இல்லை.

"புத்தகத்தில் இல்லையே, காற்றுத் திசையைப் பார்த்து என்ன லாபம்?" என்று இன்னொருவர் கேட்டார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்தத் தம்பியின் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்கு மனது கேட்கவில்லை. அரிசி வாசத்துக்காக ரேஷன் கடைச் சுவரை இடித்துத் தள்ளும் யானைகளின் ஊரில் வளர்ந்தவனிடம், "உனக்குத் தெரிந்தது இங்கே செல்லாது" என்று ஓர் அச்சடித்த தாள் சொல்கிறது. இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"டிராகன் பறக்கிற ஆட்டத்தில் யானையின் மூக்கைப் பற்றி என்ன பேச்சு?" என்பார்கள். டிராகனை யாரும் பார்த்ததில்லை, அதற்கு என்ன எழுதினாலும் ஒப்புக்கொள்ளலாம். யானையை நாங்கள் பார்த்திருக்கிறோம். வாழைத்தோப்பில் அதன் காலடி பதிந்த மறுநாள் காலையைப் பார்த்திருக்கிறோம்.

எல்லா எண்ணையும் நான் குறை சொல்லவில்லை. யானையின் வேகம் ஆறு நொடிக்கு 40 அடி, முழுமூச்சாக ஓடினால் 80 அடி. கணக்குப் போட்டால் மணிக்குப் 15 கிலோமீட்டர்கூட வராது. நிஜ யானையோ 25 வரை போகும். முதலில் இதைப் பெரிய பிழை என்றே நினைத்தேன். பிறகு மனிதனின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அவனும் முழுமூச்சாக ஓடினால் ஆறு நொடிக்கு 60 அடிதான், மணிக்குப் 11 கிலோமீட்டர். இரண்டு பேரையும் ஒரே அளவுக்குக் குறைத்திருக்கிறார்கள். ஓடி யானையிடமிருந்து தப்ப முடியாது என்ற உண்மை அந்த எண்களுக்குள் பத்திரமாக இருக்கிறது. எனக்கு அது போதும். உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண், 76 என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. பன்னிரண்டு முகப் பகடைகள் எட்டை உருட்டினால் சராசரி 52, அதோடு உடல் உறுதிக்கு 24. அது யானையின் எடையைச் சொல்ல வந்த எண் இல்லை, ஆட்டத்தில் நாலாம் நிலைக்கு வளர்ந்த நான்கு பேர் எவ்வளவு நேரம் போராட வேண்டும் என்பதற்கான எண்.

எண் நிஜத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த விலங்கிடம் பிழைக்க ஒருவனுக்கு எது தெரிந்திருக்க வேண்டுமோ, அது தாளில் இருக்க வேண்டும் என்கிறேன். புத்தி என்ற இடத்தில் யானைக்கு 3 போட்டிருக்கிறார்கள், புலிக்கும் அதே 3. 2019 ஜனவரியில் தடாகத்தில் பிடித்து டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானை, மலையை விட்டு இறங்கி உடுமலைப் பக்கம் வரை நடந்தே வந்ததை இந்த மாவட்டமே பார்த்தது. அந்த 3ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவுதான் வருகிறது.

யானையைவிட என்னை அதிகம் உறுத்துவது பாம்பு. அந்தப் பதிப்பில் சிறிய விஷப்பாம்பு ஒன்றுதான், பொதுவாக. கடித்த அந்த நொடியிலேயே விஷத்தால் சராசரியாக 5 உயிர்ப்புள்ளி போகும், உடல் தாங்கினால் அதில் பாதி. பிறகு எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். கட்டுவிரியன் தெரிந்த எவரும் இதைப் படித்துப் பதறுவார்கள். தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும், பல சமயம் வலியே தெரியாது, வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றைப் பிசையும், கண் இமை தொங்கும், பிறகு மூச்சு. புத்தகத்தில் உயிர் காப்பாற்றுகிற அதே இரவுத் தூக்கம்தான் இங்கே ஆளைக் கொல்கிறது. கண்ணாடி விரியன் என்றால் அதன் வழி வேறு, இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் கெடும். நல்ல பாம்பு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே வரி.

என் யானைத் தாளில் பென்சிலால் மோப்பத்தை எழுதிவிட்டேன், காற்றுத் திசையோடு சேர்த்து. அந்தத் தம்பியின் திட்டம் பலித்ததாக ஆட்டத்தையும் அந்த இடத்திலிருந்தே திருப்பி நடத்தினேன். கட்டுவிரியனுக்குத் தனித் தாள் தயார். கடித்தவுடன் எந்தப் புள்ளியும் குறையாது, சில மணி நேரம் கழித்துத்தான் பகடை, விஷமுறிவு மருந்து கிடைக்கும்வரை ஓய்வால் ஒரு புள்ளியும் ஏறாது.

அடுத்தது நம் காட்டுக் கரடி. அந்தப் புத்தகத்தில் பழுப்புக் கரடி, கறுப்புக் கரடி, பனிக்கரடி மூன்றும் இருக்கின்றன, நம்முடையது இல்லை. சத்தியமங்கலம், வால்பாறைப் பக்கத்து நண்பர்கள் யாராவது அதை நேருக்கு நேர் பார்த்திருந்தால் எழுதுங்கள். எவ்வளவு தூரத்தில் நின்றது, முதலில் என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள்? வரும் ஞாயிற்றுக்குள் அந்தத் தாளை எழுதி முடிக்க வேண்டும்.